தறி ஓடுற ஊரில் கேமிங் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தமாகக் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றிக் கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் இந்த முறை. எந்தப் பிராசஸர், எந்தக் கிராபிக்ஸ் கார்டு என்பதற்கான பதிலை எந்த ஊர்க்காரரும் சொல்லிவிடுவார். நம் ஊர்க் கரண்ட்டுக்கும் வெயிலுக்கும் பஞ்சுக்கும் எது தாங்கும் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 24 இன்ச் ஃபுல் எச்.டி., 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே வாங்கிட்டேனுங்க. வேலரன்ட் ஆடுவேன், புதுசா வர்ற பெரிய கேமும் ஆடணும். கடையில ஐ7 3770 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, 500 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி)னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. ஐ7ங்கறதால நல்லா இருக்கும்னு நெனைக்கறேன். வாங்கலாங்களா?
— கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வாங்காதீர்கள். ஐ7 3770 என்பது 2012இல் வந்த பிராசஸர். நாலு கோர், பழைய தலைமுறை டி.டி.ஆர்.3 ராம். ஐ7 என்பது அந்தந்த வருடத்து வரிசையில் அது எந்தப் படியில் நின்றது என்பதைத்தான் சொல்லும். இன்றைக்கு எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லாது. இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஓட டி.பி.எம். 2.0 (போர்டில் இருக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கம்ப்யூட்டரைக் கிளம்பவிடும் வசதி) இரண்டும் வேண்டும். அந்தக் காலத்து எச்61 போர்டில் டி.பி.எம். 2.0 கிடையாது. ஆக, நீங்கள் ஆட நினைக்கிற முதல் கேமே இந்த மெஷினில் தகராறு செய்யும்.

மானிட்டர் கையில் இருப்பது நல்லது. அதற்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்து, மற்றதை அதற்குப் பொருத்துங்கள். மானிட்டர் நீங்கலாக மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். ஃபுல் எச்.டி.யில் இன்றைய பெரிய கேம்களுக்கு 8 ஜி.பி. மெமரி குறைந்தபட்சம். 4 ஜி.பி. கார்டில் டெக்ஸ்சர் (படத்தின் நுணுக்கம்) அளவைக் குறைத்தே ஆட வேண்டியிருக்கும். ஏற்றி வைத்தால் கார்டின் மெமரி நிரம்பி, திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் படம் ஒரு நொடி சிக்கி நகரும். ஆர்.டி.எக்ஸ் 5060 (8 ஜி.பி., 145 வாட்ஸ்) உங்கள் மானிட்டருக்குப் போதும். 16 ஜி.பி. உள்ள ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி. கைக்கு எட்டினால் இன்னும் பல வருடம் தாங்கும்.

வேலரன்ட் போன்ற கேமுக்குக் கிராபிக்ஸ் கார்டை விடப் பிராசஸர்தான் முக்கியம். ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600, பி550 போர்டு, 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 3200 ராம் இரண்டு என்றால் 165 ஃபிரேமை அது எளிதாக எட்டும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ரைசன் 5 7500எஃப், பி650 போர்டு, டி.டி.ஆர்.5 6000 ராம். இந்தப் போர்டில் பிராசஸர் உட்காரும் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதுப் பிராசஸர் வரும் என்று ஏ.எம்.டி. சொல்லியிருப்பதால், பின்னால் போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றலாம். ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. வீட்டிலோ நண்பரிடமோ நல்ல டி.டி.ஆர்.4 ராம் சும்மா கிடந்தால், 5600 பக்கம் போவதே எங்கள் யோசனை. போர்டு மட்டும் ஏ520 வேண்டாம். அதில் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் போகிற பாதை பழைய பி.சி.ஐ.இ. 3.0. ஆர்.டி.எக்ஸ் 5060 அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்துகிற கார்டு என்பதால், பாதை இன்னும் ஒடுங்கும். கார்டு மெமரி நிரம்பும்போது அந்த ஒடுக்கம் தெரியும்.

கொட்டேஷனில் எங்களுக்கு அதிக பயம் தருவது கடைசி வரி. "500 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்." என்று கம்பெனி பேரே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துப் பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள்: 192 வாட்ஸ். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். வெளியே எழுதிய 500 விளம்பரம். உண்மையான 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த இடத்தில் 45 ஆம்பியருக்குப் பக்கமாக இருக்கும். உங்கள் மெஷின் முழு லோடில் 300 வாட்ஸை ஒட்டி இழுக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் முத்திரை உள்ள, ஐந்து வருட வாரண்டியாவது தரும் 550 வாட்ஸ் வாங்குங்கள். இங்கே மிச்சம் பிடிக்கிற ஆயிரம் ரூபாய், கெட்டுப்போகிற அன்றைக்குப் போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாதுங்க. ஒரு வருசம் கழிச்சுப் போட்டுக்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் என்ன பண்றது?
— வாசகி, பெருந்துறை

பதில்: உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸராகப் பாருங்கள். ரைசன் 5 5600ஜி அல்லது, ஏ.எம்.5 வரிசையில், 8600ஜி. எந்த விலையானாலும் ராமை ஒற்றையாக வாங்காதீர்கள். இந்தப் பிராசஸர்களுக்குத் தனி வீடியோ மெமரி கிடையாது. ராமில்தான் கை வைக்கும். 16 ஜி.பி. ஒன்றுக்குப் பதிலாக 8 ஜி.பி. இரண்டு போட்டால் பாதை இரட்டிப்பாகும், ஃபிரேம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறும். வழக்கமான 5600, கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல், 7500எஃப் ஆகியவற்றில் படம் காட்டும் பகுதியே இல்லை. கார்டு இல்லாமல் அவற்றை வாங்கினால் மானிட்டர் கருப்பாகவே இருக்கும்.

கேள்வி: சோமனூர் பக்கம் வீடு, பின்னாடியே தறிக்கூடம். புதுசா அசெம்பிள் பண்ணுன கம்ப்யூட்டரோட கேபினெட்டைத் தொட்டா சுருசுருன்னு ஷாக் அடிக்குதுங்க. டெஸ்டர் வெச்சா லேசா எரியுது. கடைக்காரர் அது ஸ்டேடிக்தான், ரப்பர் செருப்பு போட்டுட்டு உக்காருங்கங்கறார். எஸ்.எம்.பி.எஸ். மாத்தியும் அதேதான். பார்ட்ஸ் கெட்டுப்போகுங்களா?
— தறி உரிமையாளரின் மகன், சோமனூர்

பதில்: இது ஸ்டேடிக் இல்லை. ஸ்டேடிக் ஒரு தடவை 'பட்' என்று அடித்து ஓய்ந்துவிடும். விரல் வைத்திருக்கும் வரை சுருசுருவென்று ஓடுகிறது என்றால் உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து பாடிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. அவை கசியவிடும் துளிக் கரண்ட் எர்த் வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. எர்த் இல்லையென்றால் பாடி 230க்கும் சுழியத்துக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே என்பதால் ஆளைக் கொல்லாது, சுருக்கென்று மட்டும் இருக்கும். எந்த எஸ்.எம்.பி.எஸ். மாற்றினாலும் இது வரும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் அந்தக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன.

சோதிக்க வயர்மேனைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து, அதே பிளக் பாயின்ட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 ஒட்டி வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸ்–எர்த் 90, 120 என்று ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. நியூட்ரல்–எர்த் பத்துக்கு மேல் போனால், எர்த் குழி காய்ந்திருக்கலாம் அல்லது நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம்.

அறுபடுகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான். முதலில் ஜங்ஷன் பாக்ஸ்: மேலே மூன்று ஓட்டை இருக்கும், திறந்தால் உள்ளே இரண்டு வயர்தான் வந்திருக்கும். அடுத்து, பழைய சுவிட்ச் போர்டுக்குள் பச்சை வயர் மடித்து டேப் சுற்றி விடப்பட்டிருக்கும். மூன்றாவது எர்த் குழி. சுமார் எட்டடி ஜி.ஐ. பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு மூடிய குழிக்குக் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீராவது ஊற்ற வேண்டும். மேலே சிமென்ட் பூசித் தளம் போட்டுவிட்ட வீடுகளில் அந்தக் குழி எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

உங்கள் வீட்டில் இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் எர்த் வயர் ஒன்றாகச் சேர்ந்து போகிறதா? அப்படிச் சேர்ந்து, குழிக்குப் போகும் வழியில் அது அறுந்திருந்தால், தறி மோட்டார் ஒன்றில் காயில் கசிகிற அன்று முழு 230 வோல்ட்டும் உங்கள் கேபினெட்டில் வந்து நிற்கும். அதைக் கெப்பாசிட்டர் கசிவு போல நினைத்துத் தொடக்கூடாது. அது உயிர் போகிற விஷயம். முதலில் அந்த எர்த் வயரைச் சரிசெய்யுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டு லைனுக்குப் போடுங்கள், ஆனால் தறி லைனிலிருந்து வரும் கசிவை அது பிடிக்காது.

சிலர் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்கு இழுத்து முறுக்கிவிடுவார்கள். ஷாக் உடனே நின்றுவிடும் என்பதால் வேலை முடிந்தது போலத் தெரியும். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு வயர் வழியாகக் கேபினெட், மானிட்டர், கீபோர்டின் உலோகத் தகடு எல்லாம் பேஸ் ஆகிவிடும்.

பார்ட்ஸ் கெடுமா என்றால், கெடும். பாதி வோல்ட்டில் தொங்குகிற கேபினெட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்து, கேபிள் டி.வி. வயர் சொருகியிருக்கிற டி.வி.யில் மாட்டும்போது சின்னதாகப் பொறி பறக்கும். அந்தப் பொறியில் போர்ட்டு போகும், சில சமயம் கிராபிக்ஸ் கார்டே போகும். எர்த் சரியாகும்வரை இரண்டு பக்கமும் பிளக்கையே பிடுங்கிவிட்டுத்தான் கேபிள் மாட்டுங்கள்.

தறி நின்று கிளம்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று லேபிளில் போட்ட நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது தேவையில்லை. ஸ்டெபிலைசரின் ரிலே 'டக் டக்' என்று மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வெட்டு விழுகிறது. அதுவே ரீஸ்டார்ட்டுக்குக் காரணமாகலாம்.

கேள்வி: வீட்டுல 150 ஏ.எச். பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் இருக்குதுங்க. கரண்ட் போனா, சும்மா இருக்கறப்ப கம்ப்யூட்டர் நிக்காம ஓடுது. கேம் ஆடறப்ப மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது. எதனால?
— வாசகர், பவானி

பதில்: கரண்ட் போனதும் இன்வெர்ட்டருக்கு மாறச் சில பத்து மில்லிசெகண்ட் வரை ஆகும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் தாங்கிப் பிடிக்கிறது. நல்லதில் முழு லோடுக்கு 16, 17 மில்லிசெகண்ட் தாங்கும். மலிவானதில் அதற்கும் குறைவு. சும்மா இருக்கும்போது மெஷின் 60 வாட்ஸ்தான் இழுக்கிறது, கெப்பாசிட்டர் மெதுவாகக் காலியாகும். கேமில் 300 வாட்ஸ் இழுக்கும்போது அதே கெப்பாசிட்டர் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் காலி.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். ஆனால் அந்த மோடில் இன்வெர்ட்டர் பெரும்பாலும் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலம் உங்கள் தெருவில் 170க்கு இறங்குகிறது என்றால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் இரவு ஏழு மணிக்கு வோல்டேஜைப் பார்த்துக் குறித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவாக (வீட்டுக் கரண்ட்டைப் போல வளைந்த சைன் வேவ் அலையாக இல்லாமல் சதுர அலையாகத் தருவதாக) இருந்தால், ஆக்டிவ் பி.எஃப்.சி. (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் பகுதி) உள்ள எஸ்.எம்.பி.எஸ். அதோடு ஒத்துப்போகாமல் நிற்கவும் கூடும். கம்ப்யூட்டருக்கென்று தனியாகச் சைன் வேவ் யு.பி.எஸ். வாங்குவதானால், பெட்டியில் போட்ட வி.ஏ.வைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தரும். மானிட்டரும் சேர்ந்தால் கேமில் கத்திவிட்டு அணையும். 1000 வி.ஏ., 600 வாட்ஸ் வேண்டும். அதைச் சுவரில் நேராக மாட்டுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் மாட்டினால், வருகிற கரண்ட் பிடிக்காமல் யு.பி.எஸ். தன் பேட்டரியையே தின்றுகொண்டிருக்கும்.

கேள்வி: கீழே பனியன் கம்பெனி, மாடியில வீடுங்க. நாலு மாசத்துலயே ரைசன் 5 5600 சூடு 90 டிகிரி போய் கேம் சிக்குது. கம்பெனி கம்ப்ரசர்ல ஏர் அடிச்சேன். தூசியெல்லாம் போயிருச்சு, சூடு குறையலீங்க.
— வாசகர், திருப்பூர்

பதில்: 90 டிகிரி அந்தப் பிராசஸரின் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. அதுதான் கேமில் தெரியும் சிக்கல்.

உங்கள் பகுதித் தூசி வேறு வகை. ரோட்டு மண் ஃபேனில் ஒட்டும். பனியன் துணிப் பஞ்சு இழையாக இருப்பதால் ஃபேன் இறக்கைகளைக் கடந்து, கூலரின் அலுமினியத் தகடுகள் ஆரம்பிக்கிற இடத்தில் குறுக்கே விழுந்து படியும். அதன் மேல் அடுத்த இழை. நாலு மாதத்தில் ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று உருவாகிவிடும். வெளியே நின்று பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். டார்ச்சை ஃபேன் இறக்கைகளுக்கு இடையே சாய்த்து அடித்துப் பாருங்கள். தகட்டின் விளிம்புகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பரப்பாகத் தெரிந்தால் அதுதான். ஏர் அடிக்கும்போது அது இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேனைக் கழற்றி, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து உரித்தால் முழுசாகக் கையோடு வரும். கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான்.

கம்பெனி கம்ப்ரசரை இனி தொடாதீர்கள். டேங்கில் சேர்ந்த தண்ணீரும் ஆயிலும் காற்றோடு போர்டில் தெளிக்கும். அந்த வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். கையில் பிடிக்கிற சின்ன ப்ளோயர் போதும். ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலை வைத்துக்கொண்டு அடியுங்கள். கூடவே ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ், புதியது, ஈரமில்லாதது.

கூலரையே கழற்றுவதானால் ஒரு எச்சரிக்கை. 5600இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசை போலப் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் மெஷினை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைத் தளர்த்திய பின் கூலரை இடமும் வலமுமாகத் திருகி, இளகியதும் தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

மறுபடி சேராமல் இருக்க, உள்ளே வருகிற காற்று வெளியே போகிற காற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் ஃபில்டரோடு இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று. அப்போது இடுக்குகளில் காற்று வெளியே கசியும், பஞ்சு அவற்றின் வழியே உள்ளே வராது. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் உங்கள் வீட்டுக்கு ஆகாது. வலை போட்டதாக இருக்கட்டும். தரையில் வைக்காதீர்கள், பஞ்சு தரையோடுதான் உருளும். முன் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, 25 டிகிரி ஏ.சி. அறையில் எடுத்த யூடியூப் அளவோடு ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம். அறை கூடுகிற 13 டிகிரியும் அப்படியே பிராசஸரில் கூடும்.

கேள்வி: ரைசன் 5 7600, பி650 போர்டு, டி.டி.ஆர்.5 ராம் ரெண்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் நானே மாட்டினேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல ஒண்ணுமே வரலை. ஒரு நிமிசம் பாத்துட்டு ஆஃப் பண்ணிப் பண்ணி மூணு தடவ கழட்டி மாட்டிட்டேனுங்க.
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: அந்த ஒரு நிமிடத்தில்தான் தவறு. ஏ.எம்.5 போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ராமோடு பேசி வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் என்ற இடத்தில் சின்ன விளக்கு எரியும், சில சமயம் தானாக அணைந்து மறுபடி கிளம்பும். நடுவில் அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிள் கார்டில் மாட்ட வேண்டும், போர்டில் இல்லை. பிறகு ராம். நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது. இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து மாறி மாறி அமுக்குங்கள். போர்டு லேசாக வளைகிற அளவு அழுத்தம் தேவைப்படும், பயப்பட வேண்டாம். கிளிப் தானாக 'டக்' என்று மூட வேண்டும். நீங்கள் கிளிப்பைக் கையால் தள்ளி மூடினால் ராம் இறங்கவில்லை. ராமின் தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டுக்கு மேலே ஒரு கோடாகத் தெரிந்தாலும் அதே அர்த்தம்.

போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான 8 பின் கேபிள் தனியாக மாட்ட வேண்டும். அது 4+4ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2ஆகப் பிரியும். இரண்டிலும் பிளஸ், மைனஸ் எதிரெதிராக இருப்பதால், பொருந்தாததைப் பலவந்தமாக அழுத்தக்கூடாது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் மாட்டுவதும் கூடாது. வாய் ஒன்று போல இருக்கும், உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆன் செய்த நொடியில் எஸ்.எஸ்.டி. போய்விடும்.

இன்னும் வரவில்லையா? போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப் பெட்டி மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், அவ்வளவுதான். 7600க்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருப்பதால் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், எச்.டி.எம்.ஐ.யைப் போர்டில் மாட்டுங்கள். பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். இங்கே படம் வந்து கேபினெட்டுக்குள் வரவில்லையென்றால், போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டை ஸ்க்ரூ) முட்டிக்கொண்டு ஷார்ட் ஆகிறது. போர்டில் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் அது இருக்க வேண்டும்.

படம் வந்ததும் பயாஸுக்குள் (போர்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 வேக ராம் 4800இல்தான் ஓடும். விண்டோஸ் போட்ட பிறகு டிஸ்பிளே செட்டிங்கில் மானிட்டரின் ஹெர்ட்ஸை மாற்றுவதும் உங்கள் வேலை. தானாக 60இல் நிற்கும். கூலர் அடியிலும் எஸ்.எஸ்.டி. ஹீட்சிங்க் அடியிலும் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐ7 14ஆம் தலைமுறை பிராசஸர் தானாவே கெட்டுப்போகுதுன்னு சொல்றாங்களே?
— வாசகர், நாமக்கல்

பதில்: 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சில தேய்ந்தது உண்மை. இன்டெல் 2024இல் அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. புதிதாக வாங்கினால் கேம் போடுவதற்கு முன்பே போர்டின் பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே தேய்ந்ததை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அதனால் செகண்ட் ஹேண்டில் இந்த வரிசை வேண்டாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கறப்ப என்ன பாக்கணுங்க?
— வாசகர், கரூர்

பதில்: விற்பவரின் மெஷினில் ஓடுவதை நேரில் பாருங்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் கார்டின் உண்மையான பெயர் தெரியும்; பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதிய பெயரில் விற்பதை அது காட்டிக்கொடுக்கும். கனமான கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். புள்ளி, கோடு, கலர் கட்டம் எதுவும் வரக்கூடாது. ஃபேன் கரகரத்தால் பேரம் பேசலாம். ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் கார்டைத் திறந்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்ற பிறகு சந்தையில் குவிந்த கார்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டது என்று ஆகாது; ஆனால் ஃபேனும் மெமரியின் தெர்மல் பேடும் களைத்திருக்கும், அந்தச் செலவைக் கழித்து விலை கேளுங்கள்.

கேள்வி: பார்ட்ஸ் வாங்கக் கோயமுத்தூரே போதுமா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகணுங்களா?
— வாசகி, தாராபுரம்

பதில்: விலை வித்தியாசம் பஸ் செலவைத் தாண்டினால் போகலாம். ஆனால் கெட்டுப்போனால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய கடையும் அதுதான். எஸ்.எம்.பி.எஸ்., போர்டு, கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் கைக்கெட்டிய தூரத்தில் வாங்குவதே நிம்மதி. வாங்கும் முன், அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கோவையில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள்.

18 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தவிர்க்கப் பில் இல்லாமல் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வந்தால்தான் மூன்று வருடக் கம்பெனி வாரண்டி. தனியாகத் தட்டில் வந்ததற்குக் கடைக்காரர் சொல்லும் வாரண்டிதான். ஏ.எம்.5, இன்டெல் போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும்; அப்படிப்பட்ட போர்டானால் பெட்டியைக் கடையிலேயே திறந்து, சாக்கெட் மூடியைத் தூக்கிப் பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே சாய்வில் மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்திருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. அதனால் மொபைலில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.